தட்டில் பதிந்த தடம்

இம்மலருக்காக ஒருகொடவத்தையில் ஓர் அக்காவின் வீட்டில் கூடி, பாடசாலையின் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டினோம். வலைப்பந்தாட்டத் தலைவியர், பேச்சுப்போட்டியில் வென்றோர், பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரமுகர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் முதன்முதலில் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த மாணவியின் பெயர் எங்கும் இல்லை. அப்போது எமக்கு விபா சௌதுரியின் நினைவு வந்தது.

1913இல் பிறந்த விபா, 1936இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அந்த வகுப்பில் அவர் ஒருவரே பெண். பின்னர் போஸ் நிறுவனத்தில் டி. எம். போஸுடன் சேர்ந்து அண்டக் கதிர்களை ஆராய்ந்தார்.

விண்வெளியிலிருந்து வரும் இக்கதிர்களை வளிமண்டலம் பெருமளவு தடுத்துவிடும். எனவே டார்ஜிலிங்கிலும் அதற்கு மேலே சந்தக்பூவிலும் ஒளிப்படத் தட்டுகளை மாதக்கணக்கில் வைத்தார்கள். சந்தக்பூ எமது பிதுருதலாகலையைவிட ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரமானது. மின்னேற்றமுள்ள துணிக்கையொன்று தட்டினூடாகச் சென்றிருந்தால், தட்டைக் கழுவியபின் அதன் வழி வரிசையான கரும்புள்ளிகளாகத் தெரியும். எக்ஸ்ரே படங்களைக் கழுவியெடுத்த காலத்தில் மருத்துவம் கற்ற எமக்கு இது விளங்காத வித்தையல்ல. நாம் அதில் எலும்பு முறிவைத் தேடினோம். விபா நுணுக்குக்காட்டியில் புள்ளிகளை எண்ணினார். புள்ளிகளின் நெருக்கத்தையும் தடம் திசை விலகும் அளவையும் கொண்டு துணிக்கையின் திணிவைக் கணித்தார்கள். அது இலத்திரனைப்போல் சுமார் 200 மடங்கு. முடிவுகள் 1940 முதல் 1942 வரை 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தன.

இன்னும் துல்லியமாக அளக்க, தரமான தட்டுகள் தேவைப்பட்டன. உலகப்போர் காலத்தில் அவை கிடைக்கவில்லை. 1947இல் பிரிஸ்டலில் சிசில் பவலின் குழு, மேம்பட்ட தட்டுகளைக் கொண்டு பையோன் என்ற துணிக்கையைக் கண்டறிந்தது. 1950இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. போஸ், சௌதுரி இருவரின் முன்முயற்சியைப் பவலே தமது நூலில் குறிப்பிட்டிருக்கிறார். விபாவின் கண்ணிலும் கணக்கிலும் குறையிருக்கவில்லை. கையிலிருந்த தட்டில்தான் குறை.

அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1945இல் மான்செஸ்டருக்குச் சென்று பிளக்கெற்றின் ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்தார். 1949இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் பெண் ஆய்வாளரானார். பின்னாளில் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நடந்த பரிசோதனைகளிலும் பங்குகொண்டார். 1991இல் காலமானபோது வெளியே அவரை அறிந்தோர் சிலரே. 2018இல் இரு ஆய்வாளர்கள் பழைய கடிதங்களையும் கட்டுரைகளையும் தேடித் திரட்டி அவரைப்பற்றி நூலெழுதினர். மறு ஆண்டு சர்வதேச வானியல் ஒன்றியம் ஒரு நட்சத்திரத்துக்கு 'விபா' என்று பெயரிட்டது.

தாள்களை யாரோ பத்திரப்படுத்தியதால்தான் அவர் எமக்குத் திரும்பக் கிடைத்தார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடல் கடந்தும் வாழும் சகோதரிகளே, உங்கள் ஆண்டில் விஞ்ஞானம் படித்தவர்கள் யார், கற்பித்த ஆசிரியைகள் யார், ஆய்வுகூடத்தில் என்னவெல்லாம் இருந்தன என்பதைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். அறிந்தவர்கள் எம்மிடையே இருக்கும்போதே அந்தப் பெயர்களைப் பதிந்துவைப்போம்.