ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ் (1969)

ஈயான் நிறுவனத்தின் ஜேம்ஸ் பாண்ட் படவரிசையில் ஆறாவது படம். கதாநாயகன் மாறிய முதல் படமும் இதுவே. முந்தைய ஐந்திலும் நடித்த ஷான் கானரி விலகியதும், ஆஸ்திரேலியரான ஜார்ஜ் லேசன்பி தேர்வானார். கார் விற்பனையாளராக இருந்து விளம்பர மாடலானவர்; அதுவரை எந்தப் படத்திலும் முதன்மை வேடம் ஏற்றதில்லை. இயக்குநர் பீட்டர் ஹண்ட்டுக்கும் இதுவே முதல் படம். ஆனால் முந்தைய பாண்ட் படங்களின் படத்தொகுப்பில் கை தேர்ந்தவர் அவர். பனிச்சறுக்குத் துரத்தல்களின் வேகம் இன்றும் குன்றவில்லை. சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்ன் சிகரத்துச் சுழலும் உணவகம்தான் வில்லனின் கோட்டை.

இயான் ஃபிளெமிங்கின் 1963ஆம் ஆண்டு நாவலைப் பெரிதும் ஒட்டியே கதை செல்கிறது. பாண்ட் காதலித்து மணந்த டிரேசி (டயானா ரிக்), திருமணம் முடிந்த கையோடு சுட்டுக் கொல்லப்படுகிறாள். மனைவியின் உடலை அணைத்தபடி அவன் பேசும் அந்தக் கடைசிக் காட்சியில் லேசன்பியின் அனுபவமின்மையே பலமாகிவிடுகிறது. கானரியின் அலட்சிய மிடுக்கு அங்கே பொருந்தியிருக்குமா என்பது ஐயமே.

படம் வெளிவருமுன்பே லேசன்பி விலக முடிவெடுத்துவிட்டார். 1971இல் 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்துக்குக் கானரி திரும்பி வந்தார்.