கூகுள் சாண்ட்பாக்ஸ் விளைவு

புதிதாகத் தொடங்கிய இணையதளம், போட்டி மிகுந்த தேடுசொற்களுக்குக் கூகுளின் முதல் பக்கங்களில் இடம்பிடிக்கப் பல மாதங்கள் காத்திருக்க நேர்வதைக் குறிக்கும் வழக்கு. பெயர் வைத்தவர்கள் தளம் நடத்துபவர்களே.

1996இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்ஜி பிரினும் உருவாக்கிய பேஜ்ரேங்க், ஒரு பக்கத்தின் மதிப்பை அதற்கு வரும் இணைப்புகளைக் கொண்டு எடைபோட்டது. இணைப்பு வணிகம் அதையொட்டியே வளர்ந்தது.

2003 நவம்பரில் கூகுள் செய்த 'ஃபுளோரிடா' எனப்பட்ட மாற்றம் வணிகச் சொற்களுக்கான வரிசையைப் புரட்டிப் போட்டது. அடுத்த ஆண்டு புதிய தளங்களைப் பற்றிய முறையீடுகள் பெருகின. தளத்தின் பெயரைத் தேடினால் அது கிடைத்தது. அரிதான சொற்றொடர்களுக்கும் வந்தது. கடன், காப்பீடு, ஹோட்டல் போன்ற சொற்களுக்கு மட்டும் எங்கோ பின்னால் கிடந்தது. இணைப்பில் உள்ள சொற்களை மட்டும் பார்க்கும் 'ஆல்இன்ஆங்கர்' கட்டளையில் முன்னணியில் நின்ற தளமே சாதாரணத் தேடலில் காணாமல் போனது. புதிய தளங்களுக்கெனத் தனித் தடை இருப்பதற்குச் சான்றாகப் பலர் இதையே காட்டினர்.

2003 டிசம்பர் 31இல் கூகுள் தாக்கல் செய்து, 2005 மார்ச் 31இல் வெளியான காப்புரிமை விண்ணப்பம் விவாதத்துக்குப் புது வலுவூட்டியது. நேர்மையான தளத்தார் டொமைனுக்குப் பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டுவதுண்டு, ஏமாற்றுத் தளங்கள் ஓராண்டைத் தாண்டுவது அரிது என்கிறது அது. ஆனால் அந்த ஆவணம் புதியவற்றுக்கு எதிரானது மட்டுமல்ல. நேற்று கண்டெடுத்த, 10 இணைப்புகள் கொண்ட பக்கத்தை, 10 ஆண்டுப் பழைய, 100 இணைப்புகள் கொண்ட பக்கத்துக்கு மேலே வைக்கலாம் என்ற அருமையான எடுத்துக்காட்டும் அதிலேயே இருக்கிறது. இணைப்புகள் சேரும் வேகமே அங்கே கணக்கு. இந்தப் பகுதியை மேற்கோள் காட்டியவர்கள் குறைவு.

விண்ணப்பத்தில் பெயருள்ளவர்களில் ஒருவரான மேட் கட்ஸ், சில துறைகளில் கூகுளின் கணிப்புமுறை சாண்ட்பாக்ஸ் போலத் தோன்றக்கூடும் என்று 2005இல் கூறியதாகச் சொல்லப்படுகிறது. தனித் தடை ஏதுமில்லை, புதிய தளத்துக்கு நம்பகமான இணைப்புகள் சேர நாளாவதே காரணம் என்பது மாற்றுக் கருத்து. இரண்டுக்கும் வெளியில் தெரியும் விளைவு ஒன்றே என்பதால், வெளியிலிருந்து செய்த சோதனைகள் எதையும் முடிவுசெய்யவில்லை.

2016இல் கூகுளின் கேரி இல்யெஸ், சாண்ட்பாக்ஸ் இல்லை என்று பதிலளித்தார். 2024 மே மாதம் கசிந்த கூகுளின் உள் ஆவணங்களில் 'ஹோஸ்ட்ஏஜ்' என்ற கூறு, புதிய ஸ்பேமை ஒதுக்கிவைக்கப் பயன்படுவதாக விளக்கப்பட்டிருந்தது. ஆவணங்கள் தன்னுடையவை என ஏற்ற கூகுள், முழுமையற்ற, பழைய தகவலைக் கொண்டு முடிவுக்கு வர வேண்டாம் என எச்சரித்தது.