கணக்கு மாறும்போது: லீ குவான் இயூ ஆட்சியில் குடிமக்கள் வாழ்வு

1961 மே 25 அன்று சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பற்றிய தீ, ஏறத்தாழ 16,000 பேரின் வீடுகளைத் தின்றது. முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அந்த மக்களை ஓராண்டுக்குள் அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றியது. எரிந்த நிலம் அரசின் கைக்கு வந்தது. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இதையே நாடு முழுதும் விரித்தது. பின்னர் வந்த ஒரு திருத்தம், நிலத்துக்கான இழப்பீட்டை 1973ஆம் ஆண்டு மதிப்பைத் தாண்டவிடாமல் கட்டிப்போட்டது. நில உரிமையாளர்களுக்கு இழப்பு, வீடற்றவர்களுக்கு வீடு.

இரக்கமற்ற நடைமுறைவாதி ஒருவரின் ஆட்சியில் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டால், அச்சமே முதல் விடையாக வரும். 1959 முதல் 1990 வரை லீ குவான் இயூ பிரதமராக இருந்த சிங்கப்பூர் இன்னொன்றையும் காட்டுகிறது. குடிமக்களின் வீடும் பிள்ளைப்பேறும் அரசின் கணக்கேட்டில் ஏறிவிடுகின்றன. கணக்கு தப்பினால் அதைத் திருத்துபவர் யார்?

நீள முடி வைத்த ஆண்களை அரசு அலுவலகங்களில் கடைசியாகக் கவனித்ததும், சூயிங்கம் தடையும் பலர் அறிந்த கதைகள். (தடை வந்த 1992இல் பிரதமர் கோ சோக் தோங், பழியோ புகழோ லீக்கே போனது.) வேடிக்கையான இந்தச் செய்திகளில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்த கொள்கைகள்தாம் முக்கியம்.

1968 முதல் மத்திய சேம நிதியிலிருந்து பணம் எடுத்து அரசு அடுக்குமாடி வீடு வாங்கலாம் என்றாயிற்று. வாடகைக்கு இருந்த தொழிலாளி 99 ஆண்டுக் குத்தகையில் வீட்டுக்காரர் ஆனார். அந்த வீட்டை யாருக்கு விற்கலாம் என்பதிலும் அரசு தலையிட்டது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வோர் அடுக்குமாடிக் கட்டடத்திலும் (புளோக்) ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு வைத்தது. இனக் கலவரங்களைக் கண்ட ஊரில் தனித்தனி இனக் குடியிருப்புகள் மீண்டும் உருவாகாமல் தடுத்தது அதன் நன்மை. ஆனால் சீனர்களுக்கான வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு விற்க வந்த தமிழர், மக்கள்தொகையில் பெரும்பான்மையான சீனர்களுக்கு விற்க முடியாமல் போனார். வாங்குவோர் குறைந்தால் விலையும் குறையும். இப்படிச் சிக்கியவர்களின் வீடுகளை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. ஒற்றுமைக்கான விலையில் ஒரு பகுதியைச் சிறுபான்மையினர் தங்கள் சொத்திலிருந்து கட்டினார்கள்.

மக்கள்தொகைக் கொள்கை இதைவிடக் கூர்மையான சான்று. 1970களில் 'இரண்டு போதும்' என்றது அரசு. மூன்றாம் பேற்றுக்குச் சம்பளத்துடன் விடுப்பு இல்லை. அடுத்தடுத்த பேறுகளுக்கு மருத்துவமனைக் கட்டணம் ஏறியது. பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பம் பள்ளிச் சேர்க்கையில் பின்னுக்குப் போனது. பத்தாண்டுக்குள் பிறப்பு விகிதம் ஈடுசெய் அளவுக்குக் கீழே விழுந்தது. 1983 தேசிய தினப் பேரணி உரையில் லீ வேறொரு கவலையை எழுப்பினார்: பட்டதாரிப் பெண்கள் மணம் முடிப்பதில்லை, பிள்ளை பெறுவதில்லை. அறிவு பெரும்பாலும் மரபுவழி வருவது என்ற அவரது நம்பிக்கை அந்தக் கவலைக்கு அடியில் இருந்தது. 1984இல் மூன்று பிள்ளைகள் பெற்ற பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை வந்தது. குறைந்த கல்வியும் வருமானமும் உள்ள, 30 வயதுக்கு உட்பட்ட தாய் ஒருவர் ஓரிரு பிள்ளைகளுடன் கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி கிடைக்கும் என்றது மற்றொரு திட்டம்.

நடைமுறைவாதத்துக்குக் கொள்கைப் பிடிவாதம் கிடையாது, பலன் தராததை அதுவே கைவிடும் என்பது அதன் ஆதரவாளர்களின் வலுவான வாதம். 1984 நிகழ்வு அதை ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. பலனை அளந்துபார்க்கும் அளவுக்குக் காலம் செல்லுமுன்பே, 1985இல், முன்னுரிமைத் திட்டம் கைவிடப்பட்டது. இடையில் நடந்தது 1984 டிசம்பர் பொதுத்தேர்தல். லீயின் மக்கள் செயல் கட்சியின் வாக்கு ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. எதிர்க்கட்சியினர் இருவர் நாடாளுமன்றம் போனார்கள். சரிவுக்குக் காரணங்கள் பல. பட்டதாரித் தாய்மார் விவகாரம் அவற்றில் முக்கியமான ஒன்று. ஆட்சியாளரின் அறிவு செய்யாத திருத்தத்தை வாக்குச்சீட்டு செய்தது. 1987இல் 'வசதி இருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல்' என்று அறிவுரையும் தலைகீழானது. 'இரண்டு போதும்' காலத்தில் கருத்தடை செய்துகொண்டவர்களுக்கு அது பயன்படவில்லை.

திருத்தம் வரக்கூடிய வாசல்களைத்தான் லீயின் அரசு ஒவ்வொன்றாக ஒடுக்கிவந்தது. 1963 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட இடதுசாரிகள், தொழிற்சங்கத்தினர் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டனர். 1966இல் பிடிக்கப்பட்ட முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சியா தை போ, வழக்கு விசாரணை ஏதுமின்றி 1989 வரை சிறையில் இருந்தார். கட்டுப்பாடுகள் முழுதாக நீங்க 1998 ஆயிற்று. 1981 ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் வென்ற, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம், கட்சிக் கணக்கு தொடர்பான வழக்கில் தண்டிக்கப்பட்டு 1986இல் பதவியையும் பிறகு வழக்கறிஞர் தொழிலையும் இழந்தார். 1988இல், அன்று சிங்கப்பூரின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அவருக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டதாகக் கூறி, தொழிலைத் திரும்பக் கொடுத்தது. மறு ஆண்டே, இத்தகைய ஒழுங்கு நடவடிக்கை வழக்குகள் லண்டனுக்குப் போகும் வழி சட்டத்தால் அடைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் லீயின் பெயருக்கு மதிப்பு மிகுதி. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வைத்திருந்ததற்கான நன்றி அதில் கலந்திருக்கிறது. மன்னார்குடியில் அவருக்கு நினைவுச் சின்னமும் நூலகமும் அமைக்கப்படும் என்று 2023 மே மாதம் தமிழக முதல்வர் அறிவித்தார். அந்த நூலகத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகளோடு, ஜெயரத்தினம் வழக்கில் பிரிவி கவுன்சில் தந்த தீர்ப்பும் வாசகரின் கைக்கு எட்டும் தட்டில் இருக்க வேண்டும்.