சுண்ணாம்பு பூசிய சுவர்

1660ஆம் ஆண்டிலே திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார் ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ். பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்து, பின் தப்பிச் சென்ற அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அக்கால வீடுகளைப் பற்றிய சுவையான செய்திகள் அதிலே உள.

பிரபுக்கள் சிலர் நீங்கலாக எவரும் தச்சரை அழைப்பதில்லை. அவரவர் வீட்டை அவரவரே கட்டினர். கம்புகளை நட்டுக் களிமண் அப்பி, சுவரை வழவழப்பாக மெழுகினர். ஆணி ஒன்றேனும் அறையப்படவில்லை. பிரம்பினாலும் கொடியினாலும் இறுக்கிய கட்டுகளே வீட்டைத் தாங்கின.

இத்துணைக் கைத்திறன் இருந்தும் விரும்பியவாறு கட்ட உரிமை இல்லை. மாடி எழுப்பலாகாது; ஓடு வேயலாகாது; சுண்ணாம்பும் பூசலாகாது. வெண்மையை விரும்பியோர் வெண்களிமண்ணைப் பூசி மனநிறைவு கொண்டனர். சுண்ணாம்பின் வெண்மை அரண்மனைக்கும் ஆலயத்துக்குமே உரியதாம்!

இவ்விதியை அறியாத நொக்ஸ், தாம் கட்டிய வீட்டுக்குத் தம் நாட்டு வழக்கப்படி சுண்ணாம்பு பூசிவிட்டார். அந்நியர், அறியாமற் செய்தார் என்று அதனைப் பொருட்படுத்தாது விட்டனர். அதையே உள்ளூரவன் ஒருவன் செய்திருப்பின் அவன் தலை போயிருக்கும், அன்றேற் பெருந்தண்டமாவது இறுத்திருப்பான் என்பது நொக்ஸின் கணிப்பு.