சித்தூர்ப் பாசறையும் தஞ்சைக் கல்லறையும்

சித்தூரில் வாழும் தமிழருள் நரசிங்கராயன்பேட்டை என்னும் பெயரைக் கேள்வியுற்றோர் பலர். அங்கேதான், 1782 டிசம்பர் 7ஆம் நாள், மைசூரை ஆண்ட ஐதர் அலி தன் பாசறையில் உயிர் நீத்தான் என்பதை அறிந்தோர் சிலரே. ஆங்கிலேயரோடு போர் மூண்டிருந்த காலம் அது. மைந்தன் திப்பு மேற்குக் கடற்கரையில் படையோடு இருந்தான். மன்னன் மறைந்த செய்தி பரவினால் படை கலைந்துவிடும் என்று அஞ்சிய பூர்ணையா முதலிய அமைச்சர்கள், உடலைப் பேழையில் இட்டு, கருவூலப் பொருள் செல்வதுபோலக் கோலாருக்கு அனுப்பினர். தென்னகத்தை நடுங்கவைத்தவனுக்கு வாய்விட்டு அழ, அன்று பாசறையில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

அந்த ஐதர் அலியை நேரில் கண்டு பேசியவர் கிறித்தவத் தொண்டர் பிரெடரிக் சுவார்ட்ஸ். ஜெர்மானிய நாட்டிலிருந்து 1750இல் தரங்கம்பாடி வந்திறங்கித் தமிழ் கற்றவர். திருச்சியிலும் தஞ்சையிலும் தொண்டாற்றியவர். 1779இல் சென்னை அரசின் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்றார். ஆங்கிலேயரின் சொல்லை நம்பாத ஐதர் இவர் சொல்லை நம்பினான். போர் மூண்ட பின்னும், இவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு தன் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டான். தஞ்சைக் கோட்டை பஞ்சத்தில் வாடியபோது, விலை கிடைக்கும் என்று எவர் கூறியும் நம்பாத உழவர், சுவார்ட்ஸ் ஐயர் பொறுப்பேற்றதும் 80,000 கலம் தானியம் கொண்டுவந்து சேர்த்தனர். அன்று அவர் வாக்கே ஊருக்கு நாணயமாயிற்று.

1787இல் மரணப் படுக்கையில் கிடந்த தஞ்சை மன்னர் துளஜாஜி, தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை இவர் கையில் ஒப்படைக்க விரும்பினார். பின்னர் அரியணை ஏறிய அமர்சிங் அச்சிறுவனை அடைத்துவைத்து வருத்தியபோது, அவனுக்காக வழக்காடி, சென்னைக்கு அனுப்பிக் கல்வி அளித்துக் காத்தவர் சுவார்ட்ஸே.

1798 பெப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் தஞ்சையில் மறைந்தார். அடக்கத்தின்போது நிகழ்ந்ததை உடனிருந்த கெரிக்கே ஐயர் எழுதிவைத்துள்ளார். பேழையை ஆலயத்துக்கு எடுத்துச் செல்லும் வழியெல்லாம் பாடல் பாடவே எண்ணியிருந்தனர். தோட்டத்தில் திரண்டிருந்த ஏழை மக்களின் அழுகுரலால் பாட இயலவில்லையாம். பேழையை மூடுமுன் இளவரசர் சரபோஜி வந்து முகத்தைக் காண விரும்பினார். அதனால் அடக்கம் சிறிது தாமதமாயிற்று. இருபது வயது இளைஞர் அவர். அந்த ஆண்டு ஜூன் திங்களில்தான் அரியணை ஏறப்போகிறவர். உடலருகே நின்று கண்ணீர் உகுத்தார், பொன்னாடை போர்த்தினார், கல்லறை வரை உடன் சென்றார்.

இதன் அருமையைத் திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நமக்கு விளக்க வேண்டுவதில்லை. கிறித்தவ நண்பர் இல்லத்தில் துயரம் நேர்ந்தால், வாசலில் நின்று தலைகாட்டிவிட்டுத் திரும்புவோர் நம்மிடையே இன்றும் உளர். சித்தூரில் என் அலுவலக நண்பர் ஒருவரின் தாயாருக்கு நடந்த அடக்க ஆராதனையில், தமிழும் தெலுங்கும் மாறி மாறி ஒலித்த பாடல்களில் துயரினும் நன்றியே மிகுந்திருக்கக் கண்டேன். என்னுடன் வந்த முதியவர் ஒருவர், "சாவு வீட்டில் பாட்டா?" என்று வியந்தார், ஆயினும் கல்லறைக் குழியில் ஒரு பிடி மண் இட்ட பிறகே திரும்பினார். இரு நூற்றாண்டுகளுக்கு முன், அரசுரிமையே உறுதிப்படாத ஓர் இளவரசர் இதனைச் செய்யத் துணிவு வேண்டியிருந்திருக்கும்.

சரபோஜி மதம் மாறினாரல்லர். 1803இல் பெரிய கோயில் சுவரில் தம் குலவரலாற்றை மராத்தியில் பொறித்தவரும் அவரே. தம் ஆசானின் கல்லறைக்கு அவரே ஆங்கிலத்தில் செய்யுள் யாத்தார். இந்தியர் ஒருவர் இயற்றிய ஆங்கிலச் செய்யுள்களுள் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று எனலாம். அழகு குறைந்ததெனச் சிலர் குறை கூறுவர். அரசர்கள் புலவரை ஏவி எழுதுவித்த எத்தனையோ அழகிய பாக்களினும் எனக்கு அதுவே உயர்வாகப் படுகிறது.

அத்துடன் அவர் மனம் அமையவில்லை. இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்தார். தஞ்சைக்குச் செல்லும் அன்பர்கள் பெரிய கோயிலை வணங்கியபின், அருகே சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்துள் சென்று அதனைக் காணலாம். படுக்கையில் முதியவர்; சூழ நிற்போருள் பள்ளிச் சிறுவர்களும் உண்டு; தலைப்பாகை அணிந்த மன்னர் அம்முதியவரின் கையைப் பற்றியிருக்கிறார்.