வரையாட்டு வாழிடப் பாதுகாப்பு (இடுக்கி–பாலக்காடு மலைகள்)

ஆனைமலைத் தொடரின் கேரளப் பக்கத்தில் வரையாடு, கடமான் முதலிய குளம்பு விலங்குகளின் மேய்ச்சல் நிலங்களைக் குவாரி, சாலை, தோட்டப்பயிர் ஆகியவற்றிலிருந்து காத்து, சீர்கெட்ட நிலத்தை மீட்கும் பணி. இதன் மையம் 1978இல் தேசியப் பூங்காவான, 97 சதுர கி.மீ. பரப்புள்ள இரவிகுளம்.

வரையாடு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில், புல்லில் உறைபனி படியும் காலத்தில் குட்டி ஈனுகிறது. சிறுத்தையும் செந்நாயும் நெருங்கினால் தாய் குட்டியோடு செங்குத்துப் பாறைக்கு ஏறிவிடும்; ஆகவே புல்லும் பாறையும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். அப்பருவத்தில் இரவிகுளத்தின் இராஜமலைக்குப் பயணிகள் அனுமதிக்கப்படுவதில்லை.

தேசியப் பூங்கா, சரணாலயங்களுக்குள்ளும் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரையிலும் சுரங்கப்பணி கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதிசெய்தது. பாலக்காட்டின் பரம்பிக்குளத்துக்கும் இது பொருந்தும்.

மீட்பே கடினம். வெடிவைத்துத் தகர்த்த பாறைச்சரிவை மீண்டும் உருவாக்க முடியாது. வாட்டில் என்னும் அயல்மரம் மூடிய புல்வெளியை மீட்கலாம்: ஆனைமுடிச் சோலைப் பூங்காவின் பழத்தோட்டம் என்னும் பகுதியில் அம்மரங்களை அகற்றி உள்ளூர்ப் புல்வகைகளை நட்டனர். மண்ணில் பல்லாண்டு கிடக்கும் வாட்டில் விதை மீண்டும் முளைப்பதால், நாற்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும்.