வாழவந்தி நாட்டில் இரண்டு கல்லறைகள்

பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் கூட்டம். ஆயருக்குப் புதிய கார் வாங்க வேண்டும், குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று தீர்மானம் வாசித்தார்கள். "இப்போது இருக்கும் வண்டிக்கு என்ன குறை?" என்று கேட்டேன். "ஊழியக்காரரை எதிர்த்துப் பேசாதீங்க சார்" என்றார் ஒருவர். எட்டாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவர்! அவருக்கு நான் நடத்தாமல் விட்ட பாடம் இது.

கொல்லிமலையில் நான் வேலை பார்த்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் சேந்தமங்கலம் பக்கமிருந்து நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டார் அங்கே தங்கமாட்டார்கள்.

அந்த மலைக்குப் போனவர் ஜெஸ்ஸி பிராண்ட். 1907இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர். மருத்துவத்தில் சுமார் ஓராண்டுப் பயிற்சி மட்டுமே. 1913இல் ஈவ்லினை மணந்து மலைக்கு அழைத்துப் போனார். ஈவ்லின் லண்டனில் வசதியான வணிகர் வீட்டுப் பெண், ஓவியம் வரைபவர். அவர்கள் குடியிருந்தது தூண்கள்மேல் நின்ற மரவீடு. கரையான் ஏறாமலிருக்கத் தூண்களின் உச்சியில் தகரத் தட்டு கவிழ்த்திருந்தார்கள். ஊரார் குடிசையைவிட அது நல்ல வீடுதான், மறைப்பானேன். ஆனால் அந்த வீட்டைத் தேடி நோயாளிகள் வந்தார்கள்.

மலையில் அப்போது நரம்புச் சிலந்தி நோய் கொடுமையாக இருந்தது. படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளும்போது, காலில் புண் உள்ளவரிடமிருந்து புழு தன் இளம்புழுக்களை நீரில் வெளிவிடும். அதைக் குடிப்பவர் உடம்பில் அது நீளமாக வளர்ந்து கால் வழியே வெளிவரும். ஜெஸ்ஸி புழுக்களைக் குச்சியில் சுற்றி மெல்ல மெல்ல இழுத்து எடுத்தார். அதோடு நிற்காமல், யாரும் தண்ணீரில் கால் வைக்க முடியாதபடி கிணறுகளுக்குக் கல்சுவர் எழுப்பச் செய்தார். பிரசங்கத்தை விட அந்தச் சுவர் அதிகம் பேசியது என்று எனக்குத் தோன்றும். தச்சுவேலை கற்றுக்கொடுத்தார், பழமரம் வைத்தார், மலைமக்களைச் சுரண்டியவர்களோடு மல்லுக்கட்டினார்.

ஆனாலும் பல ஆண்டுகள் ஒருவர்கூடச் சபையில் சேரவில்லை. முதல் உலகப் போர் முடிந்த சமயம் விஷக்காய்ச்சல் மலையைச் சூறையாடியது. கணவனும் மனைவியும் நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினார்கள். அப்போது சாகக் கிடந்த ஒரு பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள்.

1923இல் மகன் பாலையும் மகள் கானியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டு வந்தார்கள். பாலுக்கு ஒன்பது வயது. அப்பாவை அவர் பிறகு பார்க்கவே இல்லை. 1929இல் மலேரியாவோடு வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். இறந்த செய்தி தந்தியில் முதலில் போய்ச் சேர, அவர் முன்னமே எழுதிய கடிதங்கள் கப்பலில் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தனவாம். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் கம்மிவிடும். (அந்தப் பாலைத்தான் தொழுநோயாளிகளின் விரல்களை மீட்ட வேலூர் மருத்துவர் பால் பிராண்டாக உலகம் அறியும்.)

ஈவ்லினைச் சங்கம் கீழ்நாட்டுப் பணிக்கு அனுப்பியது. எழுபதை நெருங்கியபோது ஓய்வும் கொடுத்தது. ஓய்வு பெற்ற கையோடு அந்த அம்மா சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறினார். குதிரைமேல் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார். இடுப்பெலும்பு முறிந்த பிறகும் மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். கடைசி இருபது ஆண்டு வீட்டில் கண்ணாடிகூட வைக்கவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஆயர் பட்டினி கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும், வண்டியும் வேண்டும். ஜெர்மனியில் லிம்பர்க் ஆயர் தன் மாளிகைக்கு மூன்று கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து, 2014இல் பதவியை இழந்தார். நம்முடையது அந்த அளவு இல்லைதான். ஆனால் எங்கள் சபையிலேயே டயாலிசிஸுக்குப் பணமில்லாமல் வாரம் தவறவிடும் ஒரு விதவை இருக்கிறார். அவர் பெயரிலும் பத்தாயிரம் எழுதியிருந்தார்கள்.

புதன்கிழமை பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். என் பெயருக்கு நேரே 'கார் நிதி' என்றிருந்ததை அடித்து, 'மருத்துவ உதவி' என்று எழுதிப் பணத்தைக் கொடுத்தேன்.

"சார், நம்ம கணக்குல அப்படி ஒரு தலைப்பே இல்லையே" என்றார்.

"புதுசா ஒண்ணு போடுங்க தம்பி" என்றேன்.

அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. உள்ளூரில் இருப்பவர்கள் அவசியம் வாருங்கள்.